இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் ஜிபிஎஸ் சிக்னல்: கண்டுபிடிப்பது எப்படி, ஒத்திசைவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: மொட்டைமாடியில் ஒரு ஆக்டிவ் ஜிபிஎஸ் ஆன்டெனா, ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்), 1575.42 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 20,48,000 சாம்பிள் வீதம் ஒரு பதிவு. ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. 1 மில்லிவிநாடித் தரவை எடுத்து 32 செயற்கைக்கோள்களின் குறியீட்டோடும் கோரிலேஷன் போட்டால் (பெருக்கிக் கூட்டி ஒப்பிட்டால்) எல்லாவற்றிலும் ஒரு சிகரம் வருகிறது. அடுத்த மில்லிவிநாடியில் அந்தச் சிகரம் வேறிடத்தில் நிற்கிறது. கெட்டது ஆன்டெனாவா, நிரலா?

இரண்டும் நன்றாக இருக்கும்போதே இப்படித்தான் வரும். முதலில் கணக்கைப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் சி/ஏ சிக்னல் (பொதுப் பயன்பாட்டுக்கானது) தரைக்கு வரும்போது குறைந்தபட்சம் மைனஸ் 128.5 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) இருக்கும் என்பதுதான் உத்தரவாதம். அறை வெப்பநிலையில் வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம்; 2.048 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சேர்த்தால் மைனஸ் 111. ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கி தன் பங்குக்கு ஒன்றரை டெசிபெல் சேர்க்கும். ஆக, சிக்னல் இரைச்சலைவிட 19 டெசிபெல் கீழே, அதாவது சுமார் 80 மடங்கு சிறியதாக இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தில் அது தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பெருக்கியைக் கூட்டினாலும் பயனில்லை, இரைச்சலும் கூடவே வளரும். அந்த சிக்னல் எப்படி இருக்கும் என்று நமக்கு முன்பே தெரியும் என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கும் பிடி. 1023 சிப் (குறியீட்டின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு சிப்) நீளமுள்ள கோல்டு குறியீடு, மில்லிவிநாடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. அதே குறியீட்டைச் சரியான நேரத்திலும் சரியான அதிர்வெண்ணிலும் வைத்துப் பெருக்கிக் கூட்டினால் 2048 சாம்பிளும் ஒரே திசையில் சேரும். 33 டெசிபெல் ஆதாயம். மைனஸ் 19 ஆக இருந்தது பிளஸ் 14 ஆகும். நேரம், அதிர்வெண் இரண்டில் ஒன்று பிசகினாலும் இந்த ஆதாயம் கிடைக்காது.

இனி அந்தப் பொய்ச்சிகரங்களுக்கு வருவோம். தேடல் முறையாக இருந்தால் டாப்ளரை (ஓட்டத்தால் வரும் அதிர்வெண் விலகலை) மைனஸ் 10 முதல் பிளஸ் 10 கிலோஹெர்ட்ஸ் வரை 500 ஹெர்ட்ஸ் படியில் பார்ப்பீர்கள்: 41 வரிசை. ஒவ்வொன்றிலும் 2048 குறியீட்டு நிலை. மொத்தம் 83,968 கட்டங்கள். சிக்னலே இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தாலும், ஒவ்வொரு கட்டத்தின் சக்தியும் எக்ஸ்போனென்ஷியல் பரவலில் ஆடும். இத்தனை கட்டங்களில் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுத்தால் அது சராசரியைவிட 11 முதல் 13 மடங்கு உயரமாக நிற்கும். உங்கள் திரையில் கம்பீரமாக எழுந்து நிற்பது இதுதான். சராசரியோடு ஒப்பிட்டு ‘12 மடங்கு இருக்கிறதே’ என்று மகிழ்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு செயற்கைக்கோளுக்கு நூற்றில் ஒரு பொய் எச்சரிக்கை போதும் என்றால், எல்லைக்கோட்டைச் சராசரியின் 16 மடங்கில் வைக்க வேண்டும். 32 எண்களையும் தேடுகிறோம் என்பதால் 18 மடங்கு வைப்பது நல்லது.

அப்படியானால் உண்மையான சிக்னல் எவ்வளவு உயரம் வரும்? பிளஸ் 14 டெசிபெல் என்பது 25 மடங்கு. 18-ஐத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் டாப்ளர் இரண்டு வரிசைகளுக்கு நட்டநடுவில் விழுந்தால், 250 ஹெர்ட்ஸ் பிழைக்கு 0.9 டெசிபெல் போகும். சிப்புக்கு இரண்டு சாம்பிள் என்பதால் குறியீட்டு நிலை கால் சிப் வரை தவறலாம். அதற்கு இன்னொரு 2.5 டெசிபெல். இரண்டும் மோசமாக அமைந்தால் 25 மடங்கு 11 ஆகச் சுருங்கி, இரைச்சலின் சிகரத்தோடு சிகரமாகக் கலந்துவிடும். அதே செயற்கைக்கோள் ஒரு தடவை தெரிந்து மறு தடவை மறைவதற்குக் காரணம் இதுதான். 1 மில்லிவிநாடி போதாது. டாப்ளர் படியை 1 கிலோஹெர்ட்ஸாக வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நடுவில் விழுந்தால் 3.9 டெசிபெல் இழப்பு.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கட்டம் (அலையின் ஃபேஸ்) குலையாமல் நீளமாகக் கூட்டுவது. 10 மில்லிவிநாடியை ஒரே கோரிலேஷனாகச் செய்தால் முழு 10 டெசிபெல் கிடைக்கும். ஆனால் டாப்ளர் படி 50 ஹெர்ட்ஸ் ஆக வேண்டும், வரிசைகள் பத்து மடங்காகும். போதாக்குறைக்கு விநாடிக்கு 50 பிட் வீதம் தரவு வருகிறது. 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சிக்னலின் குறி மாறலாம். நடுவில் மாறினால் முதல் பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று அழித்துவிடும். இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு: அடுத்தடுத்த இரண்டு 10 மில்லிவிநாடித் துண்டுகளை எடுத்துத் தனித்தனியாகத் தேடுங்கள். பிட் மாற்றம் 20 மில்லிவிநாடி இடைவெளியில் மட்டுமே வரும் என்பதால் இரண்டில் ஒன்றிலாவது மாற்றம் இருக்காது. பெரிய சிகரம் தருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு மில்லிவிநாடியையும் தனியாகக் கோரிலேஷன் செய்து, வர்க்கம் எடுத்து, சக்திகளை மட்டும் கூட்டுவது. பிட் குறி பற்றிக் கவலை இல்லை, படியும் 500 ஹெர்ட்ஸாகவே இருக்கலாம். இங்கே சிகரம் உயர்வதில்லை. இரைச்சலின் ஆட்டம் அடங்குகிறது. பத்து மில்லிவிநாடிச் சக்திகளைச் சராசரி எடுத்தால், மேலே 18 மடங்கில் வைத்த அதே பொய் எச்சரிக்கை அளவுக்கு 3.8 மடங்கு எல்லைக்கோடே போதும். டெசிபெல்லில் சொன்னால் ஏறக்குறைய 8 ஆதாயம். முழுப் பத்து கிடைக்காததற்குக் காரணம் வர்க்கம் எடுப்பதில் வரும் இழப்பு. சிக்னல் மேலும் மெலிந்தால் இந்த இழப்பும் கூடும். திறந்த வானத்துக்கு இந்த இரண்டாவது வழி போதும், அதையே முதலில் எழுதுங்கள். ஜன்னலோரத்துக்கோ மரத்தடிக்கோ போகும்போது 10 மில்லிவிநாடி நீளக் கோரிலேஷனை எடுத்து அதை வர்க்கித்துக் கூட்டலாம்.

நிரலில் செய்ய வேண்டியது அதிகமில்லை. 2048 சாம்பிளை எஃப்எஃப்டி (அதிர்வெண்களாகப் பிரிக்கும் வேகக் கணக்கு) செய்யுங்கள். 1023 சிப்பை 2048 சாம்பிளாக விரித்து, அதையும் எஃப்எஃப்டி செய்து இணையெண் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கித் தலைகீழ் எஃப்எஃப்டி செய்தால் 2048 குறியீட்டு நிலைகளும் ஒரே வீச்சில் கிடைக்கும். 1 மில்லிவிநாடிக்கு எஃப்எஃப்டியின் இடைவெளி சரியாக 1 கிலோஹெர்ட்ஸ் என்பதால், டாப்ளரை மாற்றத் தரவின் எஃப்எஃப்டியை ஒரு இடம் சுழற்றினாலே போதும். அரைப் படிகளுக்கு மட்டும் ஒருமுறை 500 ஹெர்ட்ஸால் பெருக்கித் தனி எஃப்எஃப்டி எடுங்கள்.

குறியீட்டை உண்டாக்கும் பகுதியை முதலில் சோதித்துவிடுங்கள். பிஆர்என் 1-க்கு (1 ஆம் எண் செயற்கைக்கோள் குறியீட்டுக்கு), குறியீட்டை உண்டாக்கும் இரண்டு பதிவேடுகளில் (ஷிஃப்ட் ரெஜிஸ்டர்) இரண்டாவதன் 2, 6 ஆம் இடங்களை எடுத்தால் முதல் 10 சிப் 1100100000 என்று வர வேண்டும். தன்னோடு தானே சுழற்சியாகக் கோரிலேஷன் செய்தால் பூஜ்ய நிலையில் 1023, மற்ற எல்லா இடத்திலும் மைனஸ் 1, மைனஸ் 65, பிளஸ் 63 இவை மூன்றில் ஒன்று மட்டுமே வர வேண்டும். வேறு எண் வந்தால் பதிவேட்டின் பின்னூட்ட இடங்களில் தப்பு. இதைச் சரிபார்க்காமல் ஆன்டெனாவை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, எங்கே தேடுகிறோம் என்பது. செயற்கைக்கோளின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் தரையில் நிற்பவருக்குச் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்குள்தான். மீதி எல்லாம் உங்கள் டாங்கிளில் கடிகாரமாக ஓடும் படிகத்தின் பிழை. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழையுள்ள டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் படிகம்) உள்ள டாங்கிள் என்றால் 1575 ஹெர்ட்ஸ் தள்ளும், பிரச்சினை இல்லை. மலிவு டாங்கிளில் படிகம் 50 பிபிஎம் விலகியிருந்தால் 79 கிலோஹெர்ட்ஸ்! 10 கிலோஹெர்ட்ஸ் வேலிக்குள் எவ்வளவு நேரம் தேடினாலும் அகப்படாது. அதே படிகம்தான் சாம்பிள் வேகத்தையும் ஓட்டுகிறது. 50 பிபிஎம் பிழையில் குறியீடு விநாடிக்கு 51 சிப் நகரும், அதாவது 10 மில்லிவிநாடிக்குள் அரை சிப். நீளமாகக் கூட்டும்போது சிகரம் மழுங்கிப்போவதை இது விளக்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. ஜிபிஎஸ்ஸுக்குத் திருத்தம் அனுப்பும் இந்தியாவின் ககன் அமைப்பின் சிக்னலும் இதே 1575.42 மெகாஹெர்ட்ஸில், இதே 1023 சிப் குடும்பத்துக் குறியீட்டில் வருகிறது. அதற்கு ஒதுக்கப்பட்ட எண்கள் 127, 128, 132. அவை புவிநிலை வட்டப்பாதையில் இருப்பதால் வானத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கின்றன, டாப்ளர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். எனவே ககன் எந்த அதிர்வெண்ணில் அகப்படுகிறதோ அதுவே ஏறக்குறைய உங்கள் படிகத்தின் பிழை. மூன்றும் எந்நேரமும் ஒலிபரப்பில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் மூன்றையும் அகலமாகத் தேடுங்கள். ஒன்று கிடைத்தால் மற்ற ஜிபிஎஸ் தேடல்களை அந்த எண்ணைச் சுற்றி 5 கிலோஹெர்ட்ஸுக்குள் முடித்துவிடலாம். இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள்: ஜிபிஎஸ்ஸுக்கான இடப் பட்டியலில் இந்த எண்கள் இருக்காது, பதிவேட்டுக்குத் தனித் தாமதம் தர வேண்டும். ககனின் தரவு விநாடிக்கு 500 குறிகள் (சிம்பல்கள்); ஆகவே 2 மில்லிவிநாடிக்கு மேல் கட்டம் குலையாமல் கூட்ட முடியாது, வர்க்கித்துத்தான் கூட்ட வேண்டும்.

வன்பொருளில் பார்க்க வேண்டியவை சில. ஆக்டிவ் ஆன்டெனாவுக்குக் கேபிள் வழியாகவே 3 முதல் 5 வோல்ட் போக வேண்டும். டாங்கிளில் பயாஸ் டீ (கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் சுற்று) இருந்தாலும் அதை நிரலில் இயக்காமல் விட்டால் ஆன்டெனா செத்த கட்டைதான். மீட்டரில் ஆன்டெனா இழுக்கும் மின்னோட்டத்தைப் பாருங்கள்: 10, 20 மில்லி ஆம்பியர் போனால் உயிரோடு இருக்கிறது. பெருக்கி ஆன்டெனாவிலேயே இருப்பதால் பின்னால் வரும் மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் 5 மீட்டரில் 5 டெசிபெல்லுக்கு மேல் தின்றாலும் பெரிய சேதமில்லை. பாசிவ் ஆன்டெனாவுக்குப் பின் அதே கேபிளைப் போட்டால் அந்த 5 டெசிபெல்லும் நேராகச் சிக்னலிலிருந்து போகும், பிறகு எதைக் கொண்டும் மீட்க முடியாது. தானியங்கி ஆதாயத்தை அணைத்து, பதிவின் திட்டவிலக்கம் 8 பிட் அளவில் 10 முதல் 30-க்குள் வருமாறு கையால் வையுங்கள். ஒன்று, இரண்டு என்று இருந்தால் ஆதாயம் போதவில்லை; 0, 255 இரண்டிலும் குவிந்தால் அளவு மீறிவிட்டது. கோப்பைப் படித்தவுடன் 127.5-ஐக் கழியுங்கள். கழிக்காவிட்டால் நடுவில் நிற்கும் அந்த மாறா மதிப்பு, குறியீட்டின் 1 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக் கோடுகளோடு பொருந்தி, முழு கிலோஹெர்ட்ஸ் வரிசைகளில் மட்டும் தூக்கலாகத் தெரியும். எல்லாச் செயற்கைக்கோளும் ‘சரியாக 2000 ஹெர்ட்ஸில்’ கிடைக்கிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சிகரம் உண்மையானதா என்பதற்கு இறுதித் தேர்வு, அது திரும்ப வருகிறதா என்பதுதான். அடுத்த 10 மில்லிவிநாடியிலும் அதே டாப்ளர், அதே குறியீட்டு நிலை. டாப்ளருக்கும் குறியீட்டு நகர்வுக்கும் ஒரு உறவும் உண்டு: ஒரு சிப்புக்குள் 1540 கேரியர் (1575.42 மெகாஹெர்ட்ஸ் தாங்கு அலை) சுற்றுகள். ஆகவே 5 கிலோஹெர்ட்ஸ் டாப்ளர் என்றால் குறியீடு விநாடிக்கு 3.2 சிப் நகர வேண்டும். ஒரு விநாடி கழித்துப் பார்த்து இந்தக் கணக்கு ஒத்துவந்தால் அது செயற்கைக்கோள்தான், சந்தேகமே வேண்டாம்.

கண்டுபிடித்தாயிற்று, இனிப் பின்தொடர வேண்டும். கண்டுபிடிப்பு தரும் அதிர்வெண்ணில் 250 ஹெர்ட்ஸ் வரை பிழை உண்டு. 18 ஹெர்ட்ஸ் அகலமுள்ள கட்டப் பூட்டு வளையத்தை (பிஎல்எல்: கேரியரின் கட்டத்தைத் திருத்திக்கொண்டே பின்தொடரும் வழிமுறை) அப்படியே அதன்மேல் ஏவினால் பூட்டாது, அல்லது தப்பான இடத்தில் பூட்டிக்கொள்ளும். நடுவே ஒரு படி தேவை: குறியீட்டை நீக்கிவிட்டு 100 மில்லிவிநாடிக்கு மில்லிவிநாடி மதிப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் கலப்பெண்ணாகவே வர்க்கம் எடுத்தால் பிட்டின் குறி மறைந்துவிடும், அதிர்வெண் இரட்டிப்பாகும். அதன் எஃப்எஃப்டியில் 10 ஹெர்ட்ஸ் நுணுக்கம். பாதியாக்கினால் 5 ஹெர்ட்ஸ். இப்போது வளையம் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஜான் கோஸ்டாஸ் 1956-இல் எழுதிய அமைப்புதான் இங்கே இன்றுவரை வேலை செய்கிறது: கட்டப்பிழை என்பது க்யூவை (கலப்பெண்ணின் கற்பனைப் பகுதி) ஐயால் (மெய்ப் பகுதி) வகுத்து அதன் தலைகீழ் டேன். பிட் தலைகீழானாலும் இரண்டும் சேர்ந்தே குறி மாறுவதால் விடை மாறாது.

குறியீட்டுக்கு மூன்று பிரதிகள் ஓடும்: அரை சிப் முந்தியது, நடு, அரை சிப் பிந்தியது. முந்தியதன் அளவிலிருந்து பிந்தியதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று தெரியும். இந்த வளையத்தை 1, 2 ஹெர்ட்ஸ் அகலத்தில் மெதுவாக ஓட்டி, வேகமான பகுதியைக் கேரியரிடமிருந்து வாங்குங்கள்: கேரியர் விலகலை 1540-ஆல் வகுத்துக் குறியீட்டு வேகத்தோடு சேருங்கள். படிகப் பிழையும் இதே விகிதத்தில்தான் இரண்டையும் தள்ளும், அதனால் அதற்குத் தனித் திருத்தம் தேவையில்லை.

இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. பதிவில் ஐயும் க்யூவும் இடம் மாறியிருந்தால் கண்டுபிடிப்பில் எந்தக் குறையும் தெரியாது. டாப்ளரின் குறி மட்டும் தலைகீழாகும், சிகரம் அழகாகவே வரும். பின்தொடரும்போதுதான் கேரியர் தரும் உதவி எதிர்த்திசையில் தள்ளும். 5 கிலோஹெர்ட்ஸில் விநாடிக்கு 6.5 சிப் பிழை. குறியீட்டு வளையம் ஒரு விநாடி தாங்காது. டாப்ளர் சிறிதாக உள்ள செயற்கைக்கோள் மட்டும் நிலைத்து நிற்கிறது, மற்றவை விழுகின்றன என்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பூட்டியதா என்று அறிய நடுப் பிரதியின் ஐ, க்யூ மதிப்புகளைப் புள்ளிகளாக வரையுங்கள். இடமும் வலமும் இரண்டு திரள்களாகப் பிரிந்து நின்றால் பூட்டியாயிற்று. வளையம்போல் வட்டமாகப் பரவியிருந்தால் குறியீடு பிடித்திருக்கிறது, கட்டம் பிடிக்கவில்லை. நடுவில் ஒரே மேகமாக மொய்த்தால் குறியீடே நழுவிவிட்டது.

அடுத்தது பிட் எல்லை. 20 பெட்டிகள் வைத்து, மில்லிவிநாடி எண்ணை 20-ஆல் வகுத்த மீதி எதுவோ அந்தப் பெட்டியில் குறி மாற்றங்களை எண்ணுங்கள். நல்ல சிக்னலில் இரண்டு மூன்று விநாடிக்குள் ஒரே பெட்டி மட்டும் நிறையும். இரைச்சல் கூடுதலாக இருந்தால் எல்லாப் பெட்டியிலும் சிதறும்; அப்போது 20 தொடக்க நிலைகளுக்கும் 20 மில்லிவிநாடிக் கூட்டுத்தொகையின் சக்தியைச் சேர்த்து, எது பெரிதோ அதை எடுங்கள். எல்லை தெரிந்த பிறகு வளையத்தையே 20 மில்லிவிநாடிக் கூட்டலில் ஓட்டலாம்: 13 டெசிபெல் ஆதாயம். அகலத்தை 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்க மறக்க வேண்டாம், 18-இலேயே விட்டால் வளையம் ஊசலாடும்.

நீளமான கூட்டலில் 25 ஹெர்ட்ஸ் பொய்ப்பூட்டு என்று ஒரு தொல்லை வரும். கேரியர் 25 ஹெர்ட்ஸ் தள்ளி இருந்தால் 20 மில்லிவிநாடியில் கட்டம் சரியாக அரைச் சுற்று திரும்பும். அது பார்வைக்கு ஒவ்வொரு பிட்டும் தலைகீழாவதுபோலவே இருக்கும். கோஸ்டாஸுக்கு வித்தியாசம் தெரியாது. புள்ளிப் படமும் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் தரவில் ஒன்றுவிட்டு ஒரு பிட் தலைகீழாக வரும், பாரிட்டி (பிழை கண்டறியும் பிட் சோதனை) ஒருபோதும் தேறாது. அப்போது அதிர்வெண்ணை 25 ஹெர்ட்ஸ் இரு பக்கமும் நகர்த்திப் பாருங்கள்.

கடைசியாகச் சட்டக ஒத்திசைவு, அதாவது தரவுத் தொகுப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டறிவது. 300 பிட், 6 விநாடி கொண்ட ஒவ்வொரு துணைச்சட்டகமும் 10001011 என்று தொடங்கும். கோஸ்டாஸுக்கு 180 பாகை ஐயம் உண்டு என்பதால் 01110100 என்றும் வரலாம். இரண்டையும் ஏற்றால் எந்த இடத்திலும் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 128-இல் ஒன்று. 300 பிட்டுக்குள் சராசரியாக இரண்டு மூன்று பொய்ப் பொருத்தம் வரும். முதல் பொருத்தத்தை நம்பி இறங்கியவர்களுக்கு நேரம் தாறுமாறாக வருவது இதனால்தான். சரியாக 300 பிட் கழித்து மறுபடி இருக்கிறதா என்று பாருங்கள், 30 பிட் சொற்களின் பாரிட்டியையும் சோதியுங்கள். முந்தைய சொல்லின் கடைசி பிட் 1 என்றால் இந்தச் சொல்லின் 24 தரவு பிட்டுகளும் தலைகீழாக்கி அனுப்பப்பட்டிருக்கும். பாரிட்டி தேறாமல் போவதற்கு இதை விட்டுவிடுவதே வழக்கமான காரணம். இரண்டாவது சொல்லில் வாரத்தின் நேரம் இருக்கிறது.

பின்தொடர்தல் நன்றாகப் போய்க்கொண்டிருந்து திடீரென எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே நொடியில் விழுந்தால் சிக்னலைக் குற்றம் சொல்லாதீர்கள். யுஎஸ்பி வழியில் சாம்பிள்கள் தவறியிருக்கின்றன. மறுபடி தேடினால் எல்லாவற்றின் குறியீட்டு நிலையும் ஒரே அளவு தாவியிருக்கும். விநாடிக்கு 24 லட்சம் சாம்பிளுக்கு மேல் போகாமல், யுஎஸ்பி ஹப் இல்லாமல், வேகமான வட்டில் எழுதுங்கள். டாங்கிள் கொதிக்கும்போதும் தொல்லை வரும்: 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே டியூனர் தன் பூட்டையே விட்டுவிடலாம். உலோகப் பெட்டி, கொஞ்சம் காற்றோட்டம் இருந்தால் போதும்.

பதிவு 60 விநாடி எடுங்கள். கோப்பு சுமார் 246 மெகாபைட் வரும். சுற்றுப்பாதை விவரம் முதல் மூன்று துணைச்சட்டகங்களில் இருக்கிறது, முழுச் சட்டகம் 30 விநாடி. நடுவில் ஆரம்பித்தாலும் அந்த மூன்று துணைச்சட்டகங்களும் கட்டாயம் அகப்படும், தொடக்கத்தில் வளையங்கள் நிலைகொள்ளத் தேவையான விநாடிகளும் மிச்சம் இருக்கும்.